சவேரியார் வந்தாரா, வருகிறாரா?

"1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார்." ஒரு தலைமுறைக்கு முன்பு வரை புன்னைக்காயல் பக்கம் இந்தச் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் சொல்லப்பட்டது. சாமியார் பிரசங்கத்தில் சொன்னாலும், வாத்தியார் வகுப்பில் சொன்னாலும், ஊர் வரலாறு எழுதியவர் புத்தகத்தில் சொன்னாலும் சவேரியார் 'வந்தார்'.

இன்று அதே செய்தியை யூடியூபில் கேட்டுப் பாருங்கள். பின்னணி இசை மெல்ல எழும்பும். கனத்த குரல் ஒன்று தொடங்கும். "ஆண்டு 1542. கோவாவிலிருந்து ஒரு மனிதர் புறப்படுகிறார். முத்துக்குளித்துறையில் கால் வைக்கிறார்." நாலரை நூற்றாண்டு கடந்தும் மனிதர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார். வ.உ.சி. 1906-இல் கப்பல் கம்பெனி தொடங்குகிறார், பாரதி 1908-இல் புதுச்சேரிக்குத் தப்பிச் செல்கிறார், காமராஜர் 1954-இல் முதலமைச்சர் ஆகிறார். காணொளி, சிறப்பு மலர், வாழ்க்கைக் குறிப்பு எல்லாவற்றிலும் நடந்து முடிந்தவை நடந்துகொண்டிருக்கின்றன.

இந்த நடை பெருமளவும் ஆங்கிலம் வழியாக வந்தது. நடந்ததை நிகழ்காலத்தில் சொல்வதை அவர்கள் 'ஹிஸ்டாரிக் பிரசன்ட்' என்பார்கள். காலத்தை மாற்றிச் சொல்லும் வித்தை நமக்கும் பழையதுதான். ஆனால் நாம் மாற்றுகிற விதம் வேறு. இரண்டுக்குமான வித்தியாசத்தைப் பார்க்கப் புன்னைக்காயலைவிடத் தோதான ஊர் கிடைப்பது கஷ்டம். ஐரோப்பியர் ஒருவர் தமிழின் முக்காலத்தையும் அட்டவணை போட்டுப் படித்து இலக்கணம் எழுதியது இந்தக் கடற்கரையில்தான்.

அன்று பாடம் படித்தவர் வெள்ளைக்காரர்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் போர்த்துக்கீசியரின் தலைமை இடம் இதுதான். தூத்துக்குடி அந்த இடத்துக்கு வந்தது பிற்பாடு. சவேரியாருக்குப் பின் 1547-இல் இங்கே வந்து சேர்ந்தார் அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்றீக்கே என்றீக்கஸ். சவேரியார் மொழிபெயர்ப்பாளர்களை நம்பி வேலை செய்தவர். அண்டிரிக் தானே தமிழ் படிப்பதென்று இறங்கினார்.

1548-இல் வேம்பாரிலிருந்து ரோமுக்கு, இயேசு சபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு, அவர் எழுதிய கடிதத்தில் தம் தமிழ்ப் படிப்பைப் பற்றிச் சொல்கிறார். வினைச்சொற்களை வகைப்படுத்தி, இறந்தகாலம் எது, எதிர்காலம் எது என்று பிரித்து, ஓர் இலக்கணமாக ஒழுங்குபடுத்தும் வேலையில் அப்போதே இறங்கிவிட்டிருந்தார். அடுத்த ஆண்டு வாக்கில் உருவான அந்த இலக்கணம் கையெழுத்துப் படியாக லிஸ்பனில் தங்கிவிட்டது. 1982-இல்தான் அச்சுக்கு வந்தது. 2013-இல் ஜீன் ஹெயினும் வி.எஸ். ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஹார்வர்டிலிருந்து வெளியானது. லத்தீன் இலக்கணச் சட்டத்துக்குள் தமிழை உட்கார வைக்கும் முயற்சி அது. நான், நீ, அவன், நாம் என்று வரிசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் வினை எப்படி மாறுகிறது என்று எழுதிக்கொண்டே போகிறார். தமிழ்ப் பிள்ளைகள் இன்று 'கோ, வென்ட், கான்' என்று மனப்பாடம் செய்வதுபோல அன்று ஒரு போர்த்துக்கீசியர் 'போகிறேன், போனேன், போவேன்' என்று இந்த மணலில் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்திருப்பார்.

படிப்பு வீண் போகவில்லை. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. 1586-இல் புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் 'அடியார் வரலாறு' வந்தது. அது புன்னைக்காயலிலேயே அச்சானதாக ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். இந்தக் கரை மக்கள் கொடுத்த பணமும் அந்த அச்சு வேலைக்குப் போயிற்று. அண்டிரிக் 1600-இல் இந்த ஊரிலேயே இறந்தார்.

அந்தக் காலத்துக் கடிதங்களில் ஒரு வேடிக்கை உண்டு. சவேரியார் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதம் மறு ஆண்டு பாரீஸில் அச்சாகி ஐரோப்பா முழுக்கச் சுற்றியது. ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்து போவதை அதில் எழுதியிருந்தார். பாரீஸ் மாணவன் அதைப் படித்து உருகிய நேரத்தில் சவேரியார் இந்தக் கரையிலேயே இல்லை. மயிலாப்பூர் போய், அங்கிருந்து மலாக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். கடிதத்தில் நிகழ்காலம், படிக்கிறவனுக்கு அது பழைய கதை. சிசரோ காலத்து ரோமானியர்கள் இந்தச் சிக்கலை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள். கடிதம் கையில் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்பதால், எழுதுகிறேன் என்பதையே 'எழுதிக்கொண்டிருந்தேன்' என்று எழுதுவதும் அவர்களிடம் ஒரு வழக்கு. அதே லத்தீனில் சீசர் தம் போர்க் கதையைச் சொல்லும்போது இறந்தகாலத்திலிருந்து சட்டென்று நிகழ்காலத்துக்குத் தாவுவார். ஐரோப்பிய மொழிகளுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்ததில் லத்தீன் பள்ளிக்கூடங்களுக்குப் பங்கு உண்டு.

நம்முடைய அவசரம் வேறு பக்கம் ஓடும்

தொல்காப்பியர் காலமயக்கத்தைத் தவறென்று தள்ளவில்லை. எங்கே மயங்கலாம் என்று சொல்லிவைத்தார். வரப்போவதையும் நடந்துகொண்டிருப்பதையும் அவசரத்தில் இறந்தகாலமாகச் சொல்லலாம் என்பது ஒரு விதி. வீட்டை விட்டே கிளம்பாதவன் போனில் "இந்தா வந்துட்டேன்" என்கிறானே, அவனுக்குத் தொல்காப்பியரின் அனுமதி இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அவசரம் வந்தால் முடிந்ததை இப்போதைக்கு இழுத்துக்கொண்டு வருகிறது. தமிழுக்கு அவசரம் வந்தால் முடியாததை முடிந்ததாக்கிவிடுகிறது.

இன்னொரு விதி இன்னும் முக்கியம். இறந்தகாலமும் எதிர்காலமும் ஒன்றுக்கொன்று மாறி வருவது சிறப்பு. நிகழ்காலம் மாறி வருவதையும் விலக்கமாட்டார்கள் என்கிறார். முன்னொரு காலத்தில் ஒரு சோலையில் விளையாடியவர்களைப் பற்றி 'விளையாடுவர்' என்று சொல்வதை உரைகாரர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். பின்னால் வந்த நன்னூல், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று நான்கு காரணம் சொல்லிக் காலம் பிறழலாம் என்று வகுத்தது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இதைக் கால வழுவமைதி என்ற பெயரில் இன்றும் நடத்துகிறது. நாளை வரப்போகிற தலைவரை 'வருகிறார்' என்பது அந்த வகை; வருவது உறுதி என்பதால் பிழை என்று தள்ளுவதில்லை.

விதி இருக்கட்டும், வாய்ப்பேச்சுக்கு வருவோம். தூத்துக்குடிக் கரையில் அரசு நடத்திய கடைசி முத்துச் சலாபங்கள், அதாவது முத்துக் குளிப்புகள், 1955-லிருந்து 1961 வரை. அப்போது இருபது வயதுக்காரராக இறங்கியவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். அப்படிப்பட்ட ஒருவர் கதை சொன்னால் அதன் போக்கு இப்படி இருக்கும்:

"விடியமுன்ன கரைக்காத்து அடிக்கையிலேயே பாய் விரிச்சிருவோம். பாருக்குப் போயி நங்கூரம் போடுவோம். கல்லுக் கயித்தைக் கால்ல மாட்டி, மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்குவோம். எட்டுப் பாகம், ஒம்பது பாகம் இருக்கும். அம்புட்ட சிப்பிய வலைப்பையில அள்ளிப் போட்டுக் கயித்தை அசைச்சா, மேல நிக்கிறவன் தூக்கிருவான். ஒருநாள், பாத்துக்கிடுங்க, கீழ இருக்கேன். கயித்தை அசைக்கிறேன். தூக்க மாட்டேங்கான். மறுபடி அசைக்கிறேன். மூச்சு முட்டுது, கண்ணு இருட்டுது. பெறவு என்ன நெனச்சானோ, இழுத்துட்டான். பொழச்சேன்."

எல்லாமே அறுபது வருஷத்துக்கு முந்திய சங்கதி. ஆனால் மூன்று காலமும் வந்துவிட்டது. தினம் தினம் செய்த வேலை 'போவோம், இறங்குவோம்' என்று எதிர்கால உருவில் வருகிறது. விளையாடுவர் என்ற அந்தப் பழைய வழக்கு இதுதான். உயிர் போகிற ஒரு நிமிஷம் வந்ததும் 'அசைக்கிறேன், முட்டுது' என்று நிகழ்காலத்துக்குப் பாய்கிறது. தப்பித்ததும் 'பொழச்சேன்' என்று இறந்தகாலத்தில் கரை சேர்கிறது. இலக்கணம் படிக்காத வாய் எங்கே எதை மாற்ற வேண்டும் என்று தவறாமல் தெரிந்து வைத்திருக்கிறது. கதாகாலட்சேபக்காரரும் சினிமாக் கதை சொல்கிறவரும் இதே நிகழ்காலத்தைத்தான் கையாளுகிறார்கள். இராமன் வில்லை எடுக்கிறான். ஹீரோ ஊருக்கு வர்றான்.

ஆகவே நிகழ்காலத்தில் பழங்கதை சொல்வது ஆங்கிலம் கொடுத்த வரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் பேச்சில் அது உப்பு. தேவைப்பட்ட இடத்தில் ஒரு சிட்டிகை.

ஆங்கிலத்துக்கு அது எப்படி வந்தது

பழைய ஆங்கிலத்தில் இந்த வழக்கம் அநேகமாகக் கிடையாது. சாஸர் காலத்தை ஒட்டித்தான் கதைப் பாடல்களில் பரவலாகத் தென்படுகிறது. 1852-53-இல் தொடராக வந்த டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' நாவலில் ஒரு பாதியை எழுத்தாளரே நிகழ்காலத்தில் சொல்கிறார். மறுபாதியை எஸ்தர் என்ற பெண் இறந்தகாலத்தில் சொல்கிறாள். இருபதாம் நூற்றாண்டில் செய்தித்தாள் தலைப்புகள் நிகழ்காலத்தைப் பிடித்துக்கொண்டன. 1912-இல் 'டைட்டானிக் சிங்க்ஸ்' என்று போட்டது நியூயார்க் டைம்ஸ். 1969-இல் 'மென் வாக் ஆன் மூன்' என்றது. கப்பல் முழுகியாயிற்று, நிலாவில் நடந்தாயிற்று. தலைப்பில் மட்டும் முழுகுகிறது, நடக்கிறார்கள். தமிழ்ப் பத்திரிகையில் இப்படிச் செய்தால் வாசகர் குழம்பிப்போவார். 'முதல்வர் தூத்துக்குடி வருகிறார்' என்று தலைப்புப் போட்டால் இனிமேல் வரப்போகிறார் என்றுதான் நமக்குப் பொருள். வந்துவிட்டால் 'வந்தார்', இல்லையென்றால் 'வருகை'.

ஆங்கிலேயர்களே இதில் ஒருமனதாக இல்லை. ஹிலாரி மான்டலின் 'உல்ஃப் ஹால்' பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தை முழுக்க நிகழ்காலத்தில் சொல்லி 2009-இல் புக்கர் பரிசு வாங்கியது. மறு ஆண்டு புக்கர் இறுதிப் பட்டியலில் ஆறில் மூன்று நாவல்கள் நிகழ்காலத்தில் இருந்தன; இது என்ன தொற்றுநோயா என்கிற ரீதியில் எழுத்தாளர்கள் பிலிப் ஹென்ஷரும் பிலிப் புல்மனும் சண்டைக்கு வந்தார்கள். 2014-இல் பிபிசியின் ஜான் ஹம்ஃப்ரிஸ், மெல்வின் பிராக் அப்போது நடத்திய வரலாற்று நிகழ்ச்சியில் பேராசிரியர்கள் எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் பேசுகிறார்கள் என்று வெளிப்படையாகவே குறை சொன்னார்.

இந்தச் சண்டைக்கு வெகு முன்பே நெஸ்ஸா உல்ஃப்சன் என்ற மொழியியலாளர் 1979-இல் ஒரு நுட்பமான விஷயத்தைச் சொல்லியிருந்தார். பேச்சில் கதை சொல்கிறவர் நிகழ்காலத்தைப் பயன்படுத்துவதைவிட, ஒரு காலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் முக்கியம். அந்த மாற்றம் கதையை வெட்டி வெட்டிக் காட்டுகிறது என்பது அவர் வாதம். முத்துக் குளித்தவர் கதையை மறுபடி படித்துப் பாருங்கள். 'இறங்குவோம்' என்று வந்துகொண்டிருந்தது 'கீழ இருக்கேன்' என்று மாறிய இடத்தில்தான் நமக்கும் மூச்சு நிற்கிறது. முதலிலிருந்தே எல்லாம் நிகழ்காலம் என்றால் அந்த இடத்துக்கு எதைக் கொண்டு மாறுவது?

இன்று பாடம் படிப்பது நம் பிள்ளை

இப்போது நிலைமை தலைகீழ். அண்டிரிக் தமிழ்க் காலங்களோடு மல்லுக்கட்டிய கரையில் மீனவர் வீட்டுப் பிள்ளை ஆங்கிலக் காலங்களோடு மல்லுக்கட்டுகிறது. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஆற்று முகத்தில் இருக்கும் புன்னைக்காயல் துண்டிக்கப்பட்டது. அதைப் பற்றி ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னால் ஒரு பிள்ளை இந்த மாதிரி எழுதும்: "நைட் ஹெவி ரெயின் கேம். வாட்டர் இஸ் கமிங் இன்சைட். மை ஃபாதர் இஸ் டேக்கிங் மை சிஸ்டர். வீ வென்ட் டு த சர்ச்." டீச்சர் இரண்டாவது, மூன்றாவது வாக்கியத்தைச் சிவப்பு மையால் சுழிப்பார்.

பிள்ளை செய்தது காரணமில்லாத தவறு இல்லை. தாத்தா கயிற்றை அசைத்த மாதிரியே, தண்ணீர் வீட்டுக்குள் நுழைந்த இடத்தில் கதை நிகழ்காலத்துக்குத் தாவியிருக்கிறது. ஆங்கிலத்திலும் அங்கே தாவலாம். ஆனால் அவர்கள் தாவும்போது அடுத்தடுத்து நடந்ததை 'கம்ஸ், டேக்ஸ்' என்று சிம்பிள் பிரசன்ட்டில் அடுக்குவார்கள். 'இஸ் கமிங்' என்பது பின்னணியில் நடந்துகொண்டிருந்த மழைக்கும் காற்றுக்கும் உரியது. 'வருது' என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு 'இஸ் கமிங்' ஆக்கியதுதான் சிக்கல். தாவியது தவறு என்று சொல்லாமல் தாவிய விதத்தைத் திருத்தினால் பிள்ளைக்கு விஷயம் பிடிபடும்.

பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். வரலாற்றுக் கேள்விக்கும் வீட்டில் நடந்த சம்பவத்துக்கும் இறந்தகாலம். பாடத்தில் உள்ள கதையின் சுருக்கத்துக்கு நிகழ்காலம். ஷேக்ஸ்பியர் நாடகத்து ஷைலாக் இன்றும் கடனைக் 'கேட்கிறான்', ஏனென்றால் புத்தகத்தை எப்போது திறந்தாலும் கேட்பான். ஆண்டு போட்டு வரிசையாகத் தரும் காலக்கோட்டுக்கும், படத்தின் கீழே எழுதும் குறிப்புக்கும் நிகழ்காலம். கதை எழுதும்போது உச்சக் கட்டத்தில் தாவலாம். பாதியில் நின்றுவிடாமல் திரும்பி வர வேண்டும்.

யார் பார்த்தது, யார் கேட்டது

ஆங்கிலத்தின் கதை அது. தமிழில் ஊர் வரலாற்றை முழுக்க நிகழ்காலத்தில் சொல்லும்போது நாம் இழப்பது வேறொன்று.

முத்துக் குளிப்பதைப் பற்றி இந்தக் கரையில் மூன்று விதமாகப் பேசக் கேட்கலாம். இறங்கியவர் 'போவோம்' என்பார். சிறு வயதில் கரையில் நின்று பார்த்தவர் 'போவாங்க' என்பார். கதையாக மட்டும் கேட்டு வளர்ந்தவர் 'போவாங்களாம்' என்பார். சொல்கிறவருக்கும் அந்தத் தொழிலுக்கும் எவ்வளவு தூரம் என்பது வினைமுற்றிலேயே தெரிந்துவிடும். தனியாகச் சாட்சி கேட்க வேண்டியதில்லை. அதோடு, அது ஒருநாள் கூத்தாக நடந்ததா, பருவம் தவறாமல் நடந்து வந்ததா என்பதும் அதிலேயே இருக்கிறது.

காணொளிக் குரல் 'இறங்குகிறார்கள், அள்ளுகிறார்கள்' என்கிறது. காட்சி கண்முன் விரிகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு உரியவர் பார்த்தாரா, கேட்டாரா, எங்கோ படித்தாரா, அவராகவே கற்பனை செய்தாரா என்ற கேள்வி அப்படியே அமுங்கிப்போகிறது. நிகழ்காலத்தில் பேசுகிற யாரும் நேரில் நிற்கிற மாதிரி ஆகிவிடுகிறார்கள். சவேரியார் 'வருகிறார்' என்று சொல்பவர் கரையில் நின்று பார்த்தவர் போலப் பேசுகிறார். 'வந்தார்' என்று எழுதியவருக்கு, உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் கடிதத்தையோ கல்வெட்டையோ காட்ட வேண்டிய கடமை இருந்தது. வரலாறு என்ற பெயரில் வாய்க்கு வந்ததெல்லாம் உலா வரும் நாளில் அந்தக் கடமை பெரிய பாதுகாப்பு.

ஒரு விதிவிலக்கு உண்டு. வெள்ளத்தின்போது செல்போனில் "தண்ணி ஏறுது, மாடிக்குப் போறோம்" என்று பதிவானவை உண்மையான நிகழ்காலம். பேசியவர் அப்போது தண்ணீரில் நின்றார். சவேரியாரின் கடிதமும் இந்த வகைதான். படிப்பவனுக்குப் பழசு, எழுதியவனுக்கு அன்றைய நாள். அந்த நிகழ்காலத்துக்கு ஒரு தேதியும் ஓர் ஆளும் உண்டு. ஊர் வரலாற்றில் நிகழ்காலம் வேண்டும் என்றால் இவற்றை அப்படியே எடுத்துப் போடலாம்.

மற்றதற்கெல்லாம் பழைய 'வந்தார்' போதும். அதில் ஒரு சுவாரசியமும் குறையாது. மலர் தயாரிக்கும் இளைஞர்களுக்கும் காணொளி எடுப்பவர்களுக்கும் செய்ய வேண்டிய வேலை ஒன்று காத்திருக்கிறது. கடைசிச் சலாபம் முடிந்து அறுபது ஆண்டு தாண்டிவிட்டது. 'போவாங்களாம்' என்று சொல்ல ஊர் முழுக்க ஆள் உண்டு. 'போவோம்' என்று சொல்லும் உரிமை உள்ளவர்கள் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். பின்னணிக் குரலை நிறுத்திவிட்டு அவர்கள் முன்னால் மைக்கை வையுங்கள். எந்தக் காலத்தில் பேச வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.